முதலாளியின் தளபதி

...ஒரு கையெழுத்துதானுங்க லிங்கசாமி, போட்டுட்டு உடனே வந்துருங்க என்று காலையில் மில் முதலாளி திருமூர்த்தி சிரித்துக்கொண்டேதான் சொன்னார், அந்தச் சிரிப்பை நம்பித்தானே போலீஸ் ஸ்டேஷன் படியேறினேன், இங்கே பெல்ட்டையும் தொப்பியையும் கழற்றி மேசைமேல் வைக்கச் சொல்கிறார்கள், இரண்டும் அவர் கொடுத்தவை, அதற்கு முன்னால் நான் மூலனூர் ரோட்டில் பருத்தி வண்டிகளை மறித்துக் கொள்ளையடித்தவன், என் பின்னால் பதினோரு பேர், அவர் வண்டியையே இரண்டு தடவை மறித்திருக்கிறேன், இருந்தும் ஐம்பத்தாறாம் வருஷம் நான் விடுதலையான அன்று ஜெயில் வாசலில் வந்து நின்றார், உங்க ஆளுகளையும் கூட்டிக்குங்க, இனி மில்லுக்கு நீங்கதானுங்க காவல் என்றார், அதுவரை என்னிடம் யார் ‘ங்க’ போட்டுப் பேசினார்கள்... அதற்காகத்தான் போனேனோ?

வேலைநிறுத்தத்தின்போது, கேட்டில் நிற்பவர்களை அடித்து விரட்டுங்க என்றவரும் அவர்தான், முன்வரிசையில் நின்ற சங்கத் தலைவன் அலாவுதீனின் வலது கை என் தடியில் முறிந்தது, அந்தச் சத்தம், பச்சை முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி... வேண்டாம். இன்ஸ்பெக்டர் முதலாளியின் வாக்குமூலத்தை வாசிக்கிறார், அடிதடிக்கும் மில்லுக்கும் சம்பந்தமில்லையாம், பழைய கொள்ளைக்காரன் தன்னிஷ்டத்துக்குச் செய்தானாம், தாளை என் பக்கம் திருப்புகிறார், கீழே சாட்சிக் கையெழுத்து, மருதாசலம்... என் மருதாசலமா? பதினோரு பேரில் முதல் ஆள், ஜெயில் தரைப் புழுதியில் அவன் விரலைப் பிடித்து அந்தப் பெயரை எழுதப் பழக்கியவன் நான், ‘ரு’வில் இன்னும் அதே கோணல், எழுதும்போது என் முகம் ஞாபகம் வந்திருக்குமா?

அலாவுதீனைக் கூட்டி வருகிறார்கள், கட்டுப்போட்ட கை கழுத்திலிருந்து தொங்குகிறது. இவன்தானே என்கிறார் இன்ஸ்பெக்டர். அவன் என்னை வெகுநேரம் பார்க்கிறான், பார்வையில் கோபத்தைத் தேடுகிறேன், காணோம். “அடிச்சவனை நான் கேக்கலீங்க,” என்கிறான், “அடிக்கச் சொன்னவரு பேரை எழுதுங்க.” பேனா நிற்கிறது. “யார் சொன்னது? நீயே சொல்லு,” என்று இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்புகிறார். சொல்லிவிடலாம், ஒரே ஒரு பெயர், நாக்கு நுனி வரை வந்துவிட்டது, என்ன தடுக்கிறது, பயமா, உப்புத் தின்ற விசுவாசமா, இரண்டும் இல்லை, அப்புறம் ஏன் இவ்வளவு நேரமாக நான் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், முதலாளி வந்து, தப்பு நடந்துபோச்சுங்க, வாங்க போலாம் என்று கூப்பிடுவார் என்றா...