நத்ரூன் ஏரி திருப்பித் தந்த பிஷோய்

குளிர்காலத் தொடக்கத்தில் நத்ரூன் ஏரியில் மூழ்கிச் செத்த பிஷோய், கோடையில் தண்ணீர் வற்றியதும் கரையில் வெள்ளை வெளேரென்று படிந்து, எழுந்து உட்கார்ந்து, சாப்பிட மொச்சை கேட்டான். ஏரியைச் சுற்றிய பள்ளத்தாக்கில் யாரும் பெரிதாக வியக்கவில்லை. வேறிடங்களில் துணி வெளுக்கும் காரம்தான் உப்பும் சுண்ணாம்புக்கல்லுமாக மாறும். இந்த ஏரியில் உப்பு அளவுக்கு மீறிக் கிடந்ததால் அது தலைகீழாக நடந்து, உப்பும் சுண்ணாம்புக்கல்லும் காரமாகத் திரும்பின. அந்தக் காரத்தை வெட்டி ஒட்டகத்தில் ஏற்றிப் பிழைத்த ஜனங்களுக்கு, போனது திரும்பி வருவது பழகிப்போன விஷயம்.

தவித்தவன் தம்பி தத்ரோஸ் ஒருவன்தான். காரம் வெட்டும்போது ஏரிமேல் உறைந்திருந்த படிவு உடைந்து அண்ணன் உள்ளே போனான். அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை தத்ரோஸ் கையில் இருந்தது. தன் காலடியும் விரிசல் விட்டதும் தத்ரோஸ் கயிற்றை விட்டுவிட்டான்; அறுந்துபோனதாக ஊரில் சொன்னான். திரும்பி வந்த பிஷோயும் கேட்டவர்களிடமெல்லாம் அறுந்ததாகவே சொன்னான். அதுதான் தத்ரோஸைத் தூங்கவிடவில்லை.

மழை விழுந்து ஏரி ஏறியது. கரையை விட்டு நகராமல் தண்ணீரில் உட்கார்ந்திருந்த பிஷோயின் விரல்கள் கரையத் தொடங்கின. தத்ரோஸ் உண்மையைச் சொல்லிவிட அண்ணி தெமியானாவிடம் போனான். அவளே முந்திப் பேசினாள்.

"உங்கண்ணன் இடுப்புல இருந்து அந்தக் கயித்த நான்தான் அவுத்தேன். முழுசா இருந்துச்சு. அதுலதான் துணி காயப்போடுறேன், கொழுந்தனாரே."

அவன் நேரே ஏரிக்குப் போய் அண்ணனருகே இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தான். அவன் கால்விரல்கள் கரைந்தன. அண்ணனின் விரல்கள் மீண்டும் முளைத்தன.

"மேல ஏறுடா, கிறுக்குப் பயலே."

"கொஞ்சம் நகரு அண்ணே, எனக்கும் இடம் விடு."

அதன்பின் வந்த வருடங்களில் இருவரும் முழுதாகக் கரையவுமில்லை, முழுதாகத் தேறவுமில்லை. இவனிடம் கரைந்தது அவனிடம் படிந்தது, அவனிடம் கரைந்தது இவனிடம். போவதும் வருவதும் ஒரே வேகத்தில் நடந்ததால், வழிப்போக்கர்களுக்கு இரண்டு பேர் சும்மா உட்கார்ந்திருப்பதாகவே பட்டது. முதலில் மச்சங்கள் இடம் மாறின, பிறகு குரல்கள், பிறகு நினைவுகள். ஒரு காலையில் தெமியானா ரொட்டியோடு கரைக்கு வந்தபோது பிஷோய் விசும்பி விசும்பி அழுதான்.

"தெமியானா, உன் புருஷன நான்தான் கைவிட்டேன்."

பக்கத்தில் தத்ரோஸ் மூச்சுத் திணறி, உப்புத்தண்ணீரைத் துப்பிக்கொண்டிருந்தான். அவள் யார் எவரென்று கேட்கவில்லை. பாவாடையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, ரொட்டியைப் பிய்த்து இருவருக்கும் மாற்றி மாற்றி ஊட்டினாள்.