குளத்து மணப்பெண்ணின் குரல்

சட்டைப் பொத்தானைப் போட்டுவிடப் போன என் கையை அப்பா தட்டிவிட்டார். "கண்ணுதான் போச்சு, கை போகல" என்றார். ஒரு பொத்தானை மாற்றித்தான் போட்டார். ஆயுள் முழுக்கக் கரும்பு வெட்டியவருக்குச் சர்க்கரை நோய் வந்து கண்ணைப் பறித்திருக்கிறது, கடவுளுக்கும் கொஞ்சம் கிண்டல் உண்டு. ஞாயிற்றுக்கிழமை, மணி மூன்று. நாலு மணிக்கு ஆலைத் தொழிலாளர் மன்றத்தில் அம்மா நடித்த படத்தைப் போடுகிறார்கள். கல்யாணத்துக்குப் போகிறவர்போல் அவர் வாசனைத் தண்ணீரை இரண்டு முறை தெளித்துக்கொண்டார்.

எண்பத்து மூன்றாம் வருஷம், ஜூலை மாதக் குளிர்காலத்தில், சாவோ பாவ்லோவிலிருந்து ஒரு வேனில் எட்டுப் பேர், ஒரு கேமரா, இரண்டு டப்பா சிவப்புச் சாயத்தோடு எங்கள் ஊருக்கு வந்தார்கள். 'குளத்து மணப்பெண்' என்ற பேய்ப்படம். குளத்தில் ஒரே ஒரு முறை இறங்கிய கதாநாயகி, ஜன்னி வந்துவிடும் என்று அடுத்த பஸ்ஸிலேயே ஓடிவிட்டாள். கல்யாண கவுனைத் தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்த தையல்காரி என் அம்மா, இவனீசி. தன் அளவை வைத்துத்தான் தைத்திருந்தாள். கவுன் யாருக்குப் பொருந்துகிறதோ அவள்தான் பேய் என்றார் டைரக்டர். சம்பளமாக ஒரு பிரஷர் குக்கர் கொடுத்தார்கள்.

ஈரத் துணியோடு பெண்டாட்டி ஊரார் முன்னால் மிதப்பதை அப்பாவால் தாங்க முடியவில்லை. மூன்று வாரம் அவளோடு பேசவில்லை. கடைசி நாள் படப்பிடிப்புக்கு அம்மாவை ஏற்றிப்போன வேன், வளைவில் கரும்பு லாரியில் மோதியது. எனக்கு அப்போது மூன்று வயது. மிச்சக் காட்சிகளை வேறொருத்தியை முதுகுப்பக்கமாக நிறுத்தி எடுத்து முடித்தார்கள்.

என்னிடம் அம்மாவின் நான்கு புகைப்படங்கள் உண்டு. குரல் இல்லை. சின்ன வயதில் அம்மா எப்படிப் பேசுவாள் என்று கேட்டால், "உங்கம்மா குரல் அந்தப் படத்துல பத்திரமா இருக்கு" என்பார் அப்பா. படமோ ஊர் ஊராகச் சுற்றிவிட்டு எங்கள் ஊருக்கு வராமலேயே காணாமல் போனது. இணையத்தில் கிடைத்ததெல்லாம் ஒன்பது நிமிடத் துண்டு, அதுவும் ஊமை. அதற்கே பைத்தியமாக ஒரு கூட்டம் சேர்ந்தது. அவர்கள்தான் ஏதோ ஒரு கிடங்கில் முழுப் பிரதியைக் கண்டுபிடித்துச் சுத்தம் செய்து எடுத்து வந்திருக்கிறார்கள்.

மன்றத்து வாசலில் கரும்புச் சாறும் மக்காச்சோளக் கொழுக்கட்டையும் விற்றார்கள். இளவட்டங்களின் பனியன்களில் எல்லாம் அம்மாவின் முகம், கண்ணைச் சுற்றிக் கரி பூசி. அம்மாவை நெஞ்சில் போட்டுக்கொண்டு ஒருவன் கொழுக்கட்டை தின்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அவனை அறைய வேண்டும்போலவும் இருந்தது. அப்பாவை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு வெளியே வந்தபோது, விழாக்காரர் ஒரு வயதான அம்மாளை அழைத்து வந்தார். விரலில் சிகரெட், பெரிய கண்ணாடி, பெயர் தெல்மா.

"இவங்கதான் உங்கம்மாவுக்குக் குரல் குடுத்தவங்க" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. தெல்மாதான் விளக்கினார். "அந்தக் காலத்துல ஷூட்டிங்ல சத்தமே பிடிக்க மாட்டாங்க கண்ணு. கேமராவே மாவு மில்லு மாதிரி கத்தும். எல்லாத்தையும் அப்புறமா ஸ்டூடியோவுல நாங்க உக்காந்து பேசுவோம். அதுல மணப்பொண்ணு நான், மாமியார் நான், கொழந்த நான். ஆந்தகூட நான்தான்!" சிரித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

படம் முடியும் முன்பே செத்தவள் எப்படி ஸ்டூடியோவுக்குப் போய்ப் பேசியிருப்பாள்? இந்தச் சின்னக் கேள்வி முப்பத்தொன்பது வருஷமாக அப்பாவுக்கும் எனக்கும் தோன்றவே இல்லை. தோன்ற நாங்கள் விடவில்லை என்றும் சொல்லலாம். தெல்மாவின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"எங்கப்பா இந்தக் குரலக் கேக்கத்தான் உயிரோட இருக்காரு. அவர் முன்னால நீங்க வாயத் திறந்துடாதீங்கம்மா."

விளக்கணைத்தார்கள். குளம் என்று காட்டியது ஆலைக் கழிவுநீர்க் குட்டை. வௌவால்கள் நூலில் ஆடின. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு தண்ணீரிலிருந்து அம்மா எழுந்தாள், சிரிப்பு நின்றது. இருபத்து நாலு வயது. நான் நாற்பத்திரண்டு. எனக்கு மகளாக இருக்க வேண்டிய வயதில் என் அம்மா நடுங்கிக்கொண்டு நின்றாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அது நடிப்பில்லை, குளிர். நான் துடைப்பதும் அப்படித்தான். பேய்ப்படம் பார்த்து எல்லோரும் பயப்படுவார்கள், எனக்கு அவள் மறுபடி தண்ணீருக்குள் போய்விடுவாளோ என்றுதான் பயம்.

அம்மா வாயைத் திறந்தாள். தெல்மா பேசினார்.

அப்பாவின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. "கேட்டியா? அவதான்."

"ஆமாப்பா" என்றேன்.

விளக்குப் போட்டதும் கைதட்டல் ஓயவே வெகுநேரமாயிற்று. கூட்டம் கலைந்து, நாற்காலிகளை மடக்கத் தொடங்கியபோது தெல்மா எங்களிடம் வந்தார். நான் உதட்டில் விரல் வைத்தேன். அவர் தலையசைத்துவிட்டு, பேசாமல் அப்பாவின் கையைப் பற்றினார். அப்பா அந்தக் கையை விடவில்லை.

"ஜுசாரா, யாரும்மா இது?" என்று என்னைக் கேட்டார்.

"படம் பாக்க வந்தவங்கப்பா."

"வாயத் திறக்க மாட்டேங்கறாங்களே. படத்துல பேசினவங்களா?"

நான் அசந்துபோனேன்.

"மொத வார்த்தையிலயே தெரிஞ்சிடுச்சு. அது உங்கம்மா இல்ல."

"பின்ன எதுக்குப்பா அவதான்னீங்க?"

"நீ அழுதுக்கிட்டிருந்தியேம்மா."

"அப்ப அவ நெசக் குரல் எப்படிப்பா இருக்கும்?" என்று கேட்டேன். அவர் சட்டைப் பொத்தானைத் தடவினார். "மறந்துட்டேன். இது இல்லன்னு மட்டுந்தான் தெரியுது." அப்பாவை அவ்வளவு தோற்றுப்போனவராக நான் பார்த்ததே இல்லை.

"மன்னிச்சிருங்கண்ணே" என்றார் தெல்மா. புகையில் கரகரத்துப்போன குரல்தான். ஆனாலும் அடியில் அந்த மணப்பெண் இருந்தாள். அப்பா நிமிர்ந்தார்.

"நீங்க ஒரு ஒத்தாச செய்யணும். கடைசி நாள் காலையில அவ வாசல்ல நின்னு, 'ஒஸ்மார், நான் கெளம்பறேன்'னா. நான் கத்தி தீட்டிக்கிட்டிருந்தேன், தலையத் தூக்கல. இன்னொரு தரம் கூப்பிட்டா. அப்பவும் தூக்கல. வீம்பு." தெல்மாவின் குரல் வந்த பக்கம் திரும்பினார். "அவ குரல் வேணாம். எந்தக் குரலா இருந்தாலும் சரி. ஒரே ஒரு தடவ கூப்பிடுங்க. நான் பதில் சொல்லணும்."

தெல்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"வெறும் வரியச் சொன்னா எனக்கு வராது கண்ணு. முன்னால ஒரு வாய் அசையணும், அதப் பாத்துத்தான் பழக்கம். நீ அசை."

நான் அப்பாவை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தேன். என் உதடு அசைய அசைய, பக்கத்திலிருந்து இருபத்து நாலு வயதுக் குரல் ஒன்று புறப்பட்டது.

"ஒஸ்மார், நான் கெளம்பறேன்."

நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். அப்பா என் பக்கம் திரும்பவில்லை, தெல்மா பக்கமும் திரும்பவில்லை. மன்றத்தின் வாசல் இருந்த திசையில், வெயில் மட்டும் நின்ற இடத்தை நோக்கித் தலையைத் தூக்கினார். அடுத்த வரி உண்டோ என்று தெல்மா என் உதட்டையே பார்த்தபடி காத்திருந்தார். அப்பா வாயைத் திறந்தார்.