ஐந்தடிக்க ஐந்து நிமிடம்

நீர் ஆணையர் பதவிக்கு முன்மொழியப்பட்ட அணைப் பொறியாளர் தகுதிக் குழுவின் அறைக்குள் நுழைந்தபோது அவருக்கு வயது நாற்பத்தைந்து. இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து வெளியே வந்தபோதும் வயது நாற்பத்தைந்துதான். இடையில் அதிசயம் என்று சொல்லும்படி அதிகம் நடந்துவிடவில்லை. விவாதித்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

சட்டம் தெளிவாக இருந்தது. ஆணையராக வருபவருக்கு இருபது ஆண்டு அனுபவம் வேண்டும். பொறியாளருக்குப் பத்தொன்பது ஆண்டும் பதினொரு மாதமும் இருந்தன. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாதம் பயிற்சி. அதைச் சேர்த்தால் இருபது, சேர்க்காவிட்டால் இல்லை. ஒரு மாதம் பொறுத்து அவரை அழைத்திருந்தால் கேள்வியே எழுந்திருக்காது. இது யாருக்கும் தோன்றவில்லை என்று சொல்லிவிட முடியாது. தோன்றியவர்கள், அதைத் தனியாக விவாதிக்க வேண்டும் என்றார்கள். குழுவில் ஏழு பேர். மூன்று பேர் பயிற்சியும் அனுபவமே என்றார்கள். மூன்று பேர் பயிற்சி என்பது அனுபவம் இல்லாதவர்களுக்குத் தரப்படுவது என்றார்கள். இரண்டு தரப்பும் பேசும்போது தலைவர் தலையாட்டினார். அவர் தலையாட்டுவதில் வல்லவர், அதனால்தான் தலைவரானார்.

இன்னும் இரண்டு விதிகள் உண்டு. விசாரணை தொடங்கிய நாளில் மாலை ஐந்து மணிக்குள் முடிவெடுக்காவிட்டால் முன்மொழிவு செல்லாது. முன்மொழியப்பட்டவர் இடையில் நாற்காலியைவிட்டு எழுந்தால் விலகிக்கொண்டதாகப் பொருள். அன்று ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, உட்பிரிவு என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட உறுப்பினர் தன் முதல் கேள்வியின் முன்னுரையில் இருந்தார். தலைவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அறை ஊழியரைப் பார்த்தார். ஊழியர் மூலையில் சாய்த்திருந்த ஏணியை எடுத்துவந்து ஏறி, கோப்பு கட்டும் நாடாவால் ஊசலை ஓர் ஆணியோடு சேர்த்துக் கட்டினார். இது வழக்கம்தான். முன்பெல்லாம் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் கட்டிவைத்து, வேலை முடிந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். குறிப்பேட்டில் எழுதுவதில்லை. குறிப்பேட்டின்படி அந்தக் கடிகாரம் ஒருநாளும் நின்றதே இல்லை. அந்த ஊழியரை எல்லோரும் ஏணிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். அவருக்கு அப்போது வயது இருபத்தொன்பது.

இந்த முறை அறையே கடிகாரத்தோடு சேர்ந்து நின்றுவிட்டது. முதலில் தெரியவந்தது தேநீரில்தான். பொறியாளர் பாதி குடித்து வைத்த தேநீரில் மறுநாள் காலையிலும் ஆவி பறந்தது. அவருக்குப் பசிக்கவில்லை, தூக்கம் வரவில்லை, மோவாயில் முடி வளரவில்லை. ஜன்னலில் வெயில் வந்து போனது. உறுப்பினர்கள் மாலையில் வீட்டுக்குப் போய்க் காலையில் வந்தார்கள். மூன்றாவது வாரத்தில் உட்பிரிவு தன் நகங்களைப் பார்த்தார். அறையில் இருக்கும் நேரம் வயதில் சேர்வதில்லை என்பது அவருக்குப் புரிந்தது. அதிலிருந்து குழுவின் வருகைப்பதிவு நூறு சதவீதம் ஆனது. காலை எட்டு மணிக்கே வந்துவிடுவார்கள், விளக்கணைக்கும்வரை போகமாட்டார்கள். உட்பிரிவுக்கு இரவுகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் மட்டும்தான் வயதானது. எங்கள் நாட்டில் பொதுப்பணியில் இவ்வளவு அக்கறை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. செய்தித்தாள்கள் பாராட்டித் தலையங்கம் எழுதின.

பொறியாளரின் மனைவி தையல்கடை வைத்திருந்தார். நாற்பது வயது. முதல் வாரம் அவர் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பொத்தான் தைத்தார். இடைவேளையில் கணவரிடம் போனார்.

“வீட்டுக்கு வர்றதா உத்தேசம் இருக்குங்களா?”

“இன்னும் அஞ்சு நிமிஷம்தான்மா. மணியைப் பாரேன்.”

மனைவி மணியைப் பார்த்தார். ஐந்தடிக்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. அதை மறுக்க முடியவில்லை. “சரி, சாயங்காலம் குழாயில தண்ணி வரும், நான் போறேன்” என்று கிளம்பினார். அந்த நகரத்தில் அப்போதும் தினமும் ஐந்து மணிக்குத்தான் தண்ணீர் வந்தது. நீர் ஆணையர் இருந்தபோதும் அதே நேரத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

ஆண்டுக்கு ஒருமுறை, கணவரின் பிறந்தநாளில், மனைவி அளவு நாடாவோடு வந்து அவருக்குச் சட்டை அளவெடுத்தார். தோள் பதினெட்டு, மார்பு நாற்பது. மறுவருடமும் தோள் பதினெட்டு, மார்பு நாற்பது. ஆறாவது வருடம் நாடாவை எடுத்துவரவில்லை. சட்டை மட்டும் தைத்து வந்தார். பதினோராவது வருடம் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். கணவர் புதிய கண்ணாடி நன்றாக இருப்பதாகச் சொன்னார். அது இரண்டாவது கண்ணாடி என்று மனைவி சொல்லவில்லை.

மகள் பதினேழு வயதில் பள்ளிச் சீருடையோடு வந்து ஒரு கணக்கைக் காட்டினாள். அவர் போட்டுக் கொடுத்தார். இருபத்துநான்கில் வந்து, அணைப் பொறியாளராக வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள். முப்பத்திரண்டில் ஒரு வரைபடத்தை விரித்து, மதகின் கீழே மண் அரிப்பதைக் காட்டி யோசனை கேட்டாள். அவர் சொன்ன முறை வழக்கொழிந்து பத்தாண்டு ஆகியிருந்தது. அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். தலைவரிடம் பார்த்துப் படித்திருப்பாள். அவளுக்கு நாற்பத்தைந்து ஆன அன்று, “இந்த வருஷம் நாம ரெண்டு பேரும் ஒரே வகுப்புப்பா” என்றாள். அடுத்த வருடம் நரைத்த தலையோடு உள்ளே வந்தவளைப் பார்த்து அவர் பாதி எழுந்துவிட்டார். “வாங்க” என்றும் சொல்லிவிட்டார்.

“ஐயோ, உக்காருங்கப்பா! எந்திரிச்சா போச்சு. என்ன வாங்க போங்கன்னுக்கிட்டு?”

“தெரியலம்மா. தலைமைப் பொறியாளர் மாதிரி இருந்தே.”

“தலைமைப் பொறியாளர்தான். போன மாசத்துலேருந்து.”

அவர் பாதி எழுந்தது எழுந்ததாகுமா என்பதைக் குழு நான்கு மாதம் விவாதித்தது. உட்பிரிவு ஓர் அளவுகோல் கேட்டு விண்ணப்பித்தார். அதற்குள் முதல் தலைவர் இறந்து, இரண்டாம் தலைவர் ஓய்வு பெற்று, மூன்றாம் தலைவர் வந்திருந்தார். மூவருக்கும் தலை ஒரே மாதிரி ஆடியது. அவர்களில் யாரும் கடிகாரத்தை அவிழ்க்கச் சொல்லவில்லை. சொல்வதென்றால் உத்தரவு போட வேண்டும். உத்தரவு போட்டால், கடிகாரம் நின்றிருந்தது என்று குறிப்பேடு ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் இருபத்தொன்பது ஆண்டுச் சம்பளத்துக்கும் தினப்படிக்கும் விளக்கம் சொல்ல வேண்டும். தலைமைப் பொறியாளரான மகளையே ஆணையராக்கலாம் என்று யாரோ ஒருவர் சொன்னார். அவளுக்கு அனுபவம் இருபத்திரண்டு ஆண்டு. அவள் வந்து வாசலிலேயே நின்றாள். “கடிகாரம் ஓடற அறை இருந்தா சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஏணிக்காரர் ஓய்வு பெற வேண்டிய நாள் வந்தது. அவர் அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காருபவர். அதனால் அவருக்கு முழு வயதும் ஆகியிருந்தது. அவருடைய பணியிடம் அவரோடு நீக்கப்படுவதாகவும், ஏணி கழிவுப் பொருளாக ஏலம் விடப்படுவதாகவும் ஒரு தாள் வந்தது. கடிகாரம் இருந்தது பதினாறு அடி உயரத்தில். அவர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தையல்கடைக்குப் போனார். பொறியாளரின் மனைவிக்கு வயது அறுபத்தொன்பது. ஊசியில் நூல் கோக்க முடியாமல் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். ஏணிக்காரர் ஊசியை வாங்கிக் கோத்துக் கொடுத்துவிட்டு, தாளைப் படித்துக்காட்டினார்.

“நாளையோட ஏணி போயிடும்மா. அப்புறம் பறவை வந்து அவுத்தாத்தான் உண்டு.”

“இன்னைக்கு நீங்க அவுக்கக் கூடாதா?”

“உத்தரவு வேணுமே. இத்தனை வருஷம் நாட்டுலயே பெரிய அதிகாரம் என் கையிலதான் இருந்திருக்கு. எனக்குத் தெரியல பாருங்க. தெரிஞ்சிருந்தா சம்பளமாவது கூடக் கேட்டிருப்பேன்.”

“கட்டறதுக்கு உத்தரவு இருந்துச்சா?”

ஏணிக்காரர் யோசித்தார். “இல்ல. ஐயா பார்த்தாரு, நான் கட்டினேன்.”

“அப்போ கடிகாரம் நிக்கவே இல்ல. நிக்காத கடிகாரத்தை நான் ஓட வச்சேன்னு என்னை யாரு பிடிக்க முடியும்?”

இருபத்தொன்பது ஆண்டுகளில் அந்த அறையைப் பற்றிச் சொல்லப்பட்ட ஒரே சரியான வாதம் அதுதான். சொன்னவருக்குக் குழுவில் பேச அனுமதி கிடையாது.

அன்று பிற்பகல் மனைவி கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு அறைக்குள் போனார். உட்பிரிவு பேசிக்கொண்டிருந்தார். ஏணிக்காரர் ஏணியை வைத்துவிட்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதைக் காட்ட ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். மனைவி ஏறினார். தலைவர் பார்த்தார். தடுத்தால் எதைத் தடுக்கிறோம் என்று சொல்ல வேண்டியிருக்கும். எனவே கோப்பைப் புரட்டினார். மனைவி நாடாவைக் கத்தரித்து, ஊசலை விரலால் ஒரு தட்டு தட்டினார்.

டிக் என்றது. அறையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் இருமினார்கள். தேநீரில் ஆவி அடங்கி ஆடை படிந்தது. பொறியாளரின் வயிறு சத்தமாக இரைந்தது. உட்பிரிவு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு வயசாகுது, வயசாகுது” என்றார். பக்கத்தில் இருந்தவர், “ஆகட்டும், முதல்ல வாக்கெடுப்பு வைங்க!” என்று கத்தினார். இருபத்தொன்பது ஆண்டில் முதல்முறையாக வாக்கெடுப்பு வைத்தார்கள். மூன்று பேர் ஆதரவு, மூன்று பேர் எதிர்ப்பு. இரண்டரை நிமிடம் போயிருந்தது. முடிவு தலைவர் கையில் வந்தது. அவர் தொண்டையைச் செருமி, தமக்கு இந்த வாய்ப்பைத் தந்தவர்களுக்கு நன்றி சொல்லத் தொடங்கினார்.

பொறியாளர் தலைவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி ஏணியில் கீழ்ப்படிக்குக் கால் தேடினார். ஏணி ஒரு பக்கம் சாய்ந்து சுவரில் உரசியது. ஏணிக்காரர் இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, ஆடுது.”

தலைவர் நன்றியை முடித்துக்கொண்டு கையைத் தூக்கினார். எந்தப் பக்கம் நீட்டப்போனார் என்பது இன்றுவரை தெரியாது; கேட்டால் தலையாட்டுவார். பொறியாளர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். இந்த முறை முழுதாகவே எழுந்தார். நான்கு எட்டில் போய் ஏணியை இரண்டு கையாலும் பிடித்தார்.

“விலகல்! விலகிட்டாரு!” என்றார் உட்பிரிவு.

“கெட்டியாப் பிடிங்க” என்றார் மனைவி.

அவர் பதினோரு படியும் இறங்கித் தரையில் கால் வைத்தபோது கடிகாரம் ஐந்தடித்தது. பொறியாளர் மனைவியின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தார். பிறகு, பேசுவதற்குக் கடன்பட்டவர்போலக் குழுவின் பக்கம் திரும்பினார்.

“ஒரு மாசம் குறையுதுன்னு சொன்னீங்க. அந்த ஒரு மாசத்துக்காக இருபத்தொன்பது வருஷம் உக்காந்தவனுக்கு என்ன தகுதி இருக்கப்போகுது? எதிர்ப்பு ஓட்டு போட்ட மூணு பேரும் சரியாத்தான் போட்டிருக்கீங்க.”

அதைக் குறிப்பேட்டில் சேர்க்கலாமா என்று விவாதம் தொடங்கியது. இருவரும் வெளியே போனார்கள். சாலையில் காய்கறி வண்டிக்காரர், “உங்கம்மாவைப் பார்த்துக் கூட்டிட்டுப் போங்க சார், வண்டி வருது” என்றார். பொறியாளர் அவ்வாறே கையைப் பிடித்துக் கூட்டிச் சென்றார்.

ஏணியை ஏலத்தில் எடுத்தவர் தையல்கடைக்காரர். நீர் ஆணையர் பதவி காலியாகவே இருக்கிறது. கடிகாரத்தைக் கை எட்டும் உயரத்துக்கு இறக்கலாமா என்று ஒரு துணைக்குழு பரிசீலித்துவருகிறது.

அடுத்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒருவர் அந்த வீட்டுக்கு வந்தார். குடும்பத் தலைவர், நாற்பத்தாறு. மனைவி, எழுபது. மகள், நாற்பத்தேழு. கணக்கெடுக்க வந்தவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

“சரியாத்தான் சொல்றீங்களாம்மா?”

“சரிதான். வேணும்னா சட்டை அளவு தரேன்.”

அவர் அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த கட்டத்துக்கு வந்தார். வீட்டில் குழாய் இருக்கிறதா? இருக்கிறது. தண்ணீர் எப்போது வரும்? மனைவி வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னும் அஞ்சு நிமிஷத்துல” என்றார். உள்ளே பொறியாளர் வாளியைக் குழாயடியில் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஐந்தடித்தது. தண்ணீர் வந்தது.