இடப்பக்கப் பள்ளம்

தெருமுனை திரும்புவதற்கு முன்பே அவளுக்குச் சத்தம் கேட்டுவிட்டது. கல்லைத் தேய்க்கிற மெஷின் சத்தம். அவளுக்குப் பின்னால் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக ஏழெட்டுப் பேர் வந்துகொண்டிருந்தார்கள். வார நாட்களில் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள், ஞாயிற்றுக்கிழமையானால் இப்படி ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு, ஊர் திரும்பியும் பார்க்காத பழைய மதகு, பழைய மதில் என்று காட்டிக்கொண்டு திரிவாள். வீட்டில் அதற்குக் கல்லுப் பைத்தியம் என்று பெயர். கடைசியாக வந்து நிற்கிற இடம் எப்போதும் இந்தப் பொதுச் சலவைக்கூடம்தான்.

ஓட்டுக் கூரை, இரண்டு வரிசையாகச் சரிவான துவைகற்கள். தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் நின்று ஊரார் துணியைத் துவைத்த இடம். ஒவ்வொரு கல்லிலும் ஒரு பள்ளம், அதன் முன் நின்றவளின் கை தேய்த்த பள்ளம். ஜன்னலோரக் கல் அவள் அம்மாவுடையது. மூலையில் இருப்பது பக்கத்து வீட்டு அத்தையுடையது. அத்தை இடதுகைக்காரி, அதனால் பள்ளம் இடப்பக்கம் விழுந்திருக்கும். பிள்ளை குட்டி இல்லாதவள். அம்மா வரத் தாமதமானால் இவளுக்கும் தம்பிக்கும் சோறு போட்டவள். இதை இடித்து வண்டி நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்தபோது இவள் ஏறாத ஆபீஸ் இல்லை. எப்படியோ தடுத்தாயிற்று. பழுதுபார்க்கிற காண்ட்ராக்டும் சொந்தத் தம்பிக்கே கிடைத்தது. நம்ம ஆள்தானே என்று வேலை நடந்த வாரம் முழுக்க எட்டிப் பார்க்காமல் நிம்மதியாக இருந்துவிட்டாள்.

உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணில் பட்ட கற்களெல்லாம் பளபளவென்று, ஓட்டல் மேசை மாதிரி, ஒரே மட்டமாக இருந்தன. ஜன்னலோரக் கல்லைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளங்கை எங்கேயும் இறங்கவில்லை.

"யாருடா இப்படிப் பண்ணச் சொன்னா?"

"குண்டும் குழியுமா கெடந்துச்சுக்கா" என்றான் தம்பி. முகமெல்லாம் கல் தூசி. அதற்கு நடுவே பெருமை வேறு. "அம்மா கல்லத்தான் மொதல்ல எடுத்தேன். ஆள விடல. நானே என் கையால பாலிஷ் போட்டேன்."

"போட்டோவுல பார்த்ததவிட நீட்டா இருக்கு மேடம்" என்றார் தொப்பிக்காரர் ஒருவர். அவள் பார்த்த பார்வையில் அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"நீட்டு! அம்மா மணிக்கட்டு தேஞ்சு போனத நான்தான்டா படம் புடிச்சேன். டாக்டர் கேட்டார், எதுல இப்படித் தேஞ்சுதுன்னு. இதுலதான். அம்மா இந்த ஊர்ல இருந்தாங்கறதுக்கு வேற என்னடா இருக்கு? அதையும் சொரண்டிட்டியே. கை எப்படிடா வந்துச்சு ஒனக்கு?"

தம்பியின் முகத்தில் பெருமை வடிந்துவிட்டது.

"நீ வாராவாரம் ஆளக் கூட்டிட்டு வந்து அம்மா பள்ளத்தக் காட்டுவ. ஒனக்கு அது பெருமை. பள்ளிக்கூடத்துல என்னை அழுக்குமூட்டைன்னு கூப்பிட்டானுங்க, ஒனக்குத் தெரியுமா? இந்தக் கல்லப் பார்க்கக் கூடாதுன்னே நான் வேற தெரு வழியாச் சுத்திப் போவேன். அம்மா முதுகு ஒடிஞ்ச எடம்க்கா இது. கடைசியா ஒரு தடவ அதச் சரி பண்ணணும்னு தோணுச்சு. பண்ணிட்டேன்."

அவன் சொன்னது அவள் கோபத்தை இன்னும் கிளப்பிவிட்டது. இவனுக்கு வலித்திருக்கிறது, சரி. வலித்தால் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம், உட்கார்ந்து அழுதிருக்கலாம். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது வாரம் ஒரு தடவை எட்டிப் பார்த்தவன், இப்போது கல்லைச் சரிபண்ண வந்துவிட்டான். அறைந்துவிடலாமா என்றிருந்தது. அத்தனை பேர் முன்னால் என்பதால் கையை மடக்கிக்கொண்டாள்.

அதற்குள் மூலையில் மெஷின் மறுபடியும் உறுமியது. வேலையாள் அத்தையின் கல்லுக்கு வந்திருந்தான். தேய்க்கும்போது சூடேறாமலிருக்க, ரப்பர் குழாயிலிருந்து கல்லின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் விறுவிறுவென்று போய் அந்தக் கல்லின் மேலேயே ஏறி உட்கார்ந்தாள். வேலையாள் பதறிப்போய் மெஷினை அணைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தான்.

"எந்திரிக்கா. நாளைக்குத் தெறப்பு விழா. இது ஒண்ணுதான் பாக்கி. என் மானத்த வாங்காத."

"ஒன் மானத்துக்கு அம்மா கல்லக் குடுத்தாச்சு. அத்தைக்காக வந்து ஒங்கிட்டயும் எங்கிட்டயும் கேக்க ஒரு நாதி கெடையாது. தேய்க்கணும்னா என்னையும் சேர்த்துத் தேய்டா."

யாரோ செல்போனைத் தூக்கினார்கள். பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். தம்பி வேலையாளிடமிருந்து மெஷினை வாங்கிக்கொண்டு கல்லருகே வந்து நின்றான். அவன் கட்டைவிரல் சுவிட்சின் மேல் இருந்தது. குழாயை மூட ஒருவருக்கும் தோன்றவில்லை. பளபளத்த கற்களில் ஏற்கெனவே விழுந்த தண்ணீரெல்லாம் நிற்காமல் வழிந்து போய்விட்டிருந்தது. இங்கே மட்டும் அது அவள் உடையை நனைத்துக்கொண்டு, சில்லென்று, இடப்பக்கமாகத் தேங்கிக்கொண்டிருந்தது.