ஐம்பத்தைந்து நிமிடம்

இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று இணையத்தில் எழுதுவதுதான் என் வேலை. வரைபடத்தில் நேர்கோடு போட்டு, தூரத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்தால் முடிந்தது. ஒரு நாளைக்கு அறுபது பக்கம். அந்தத் தடத்தில் விமானம் போகிறதா என்பது நம் தலைவலி இல்லை என்று மேலாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். நானும் தலையாட்டிவிட்டேன். வீட்டில் என்னவோ நான் விமானக் கம்பெனியில் இருப்பதாகவே நினைத்தார்கள். திருத்த மனசு வரவில்லை.

அன்று காலை ஏழு மணிக்கு அக்கா கூப்பிட்டாள்.

"அப்பாவுக்கு இன்னிக்கே நெஞ்சுல ஆபரேஷன் பண்ணணுமாம். ஒன்பது மணிக்கு உள்ள கொண்டுபோறாங்க. உன்ன ஒரு தடவ பாத்துட்டுப் போறேங்கறாரு."

"பஸ்ல வந்தா பத்து மணி நேரம் ஆகுமேக்கா."

"பஸ் எதுக்கு? இதோ நெட்ல போட்டிருக்கே. முன்னூத்திப் பத்து கிலோமீட்டர், அம்பத்தஞ்சு நிமிஷம். உங்கள் பயணம் இனிதே அமையட்டும்னு வேற எழுதிருக்கான்."

அந்த 'இனிதே' என்னுடையது. எங்கள் ஊருக்கு வாரத்தில் இரண்டே விமானம், அதுவும் வேறு எங்கிருந்தோ. சொல்ல வாயெடுப்பதற்குள், "தம்பி கெளம்பிட்டாம்ப்பா, ஒரு மணி நேரத்துல வந்துருவான்" என்று அந்தப் பக்கம் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள். திரும்பத் திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை.

முதல் பஸ்ஸில் நாலு மணி நேரம் நின்றுகொண்டே வந்தேன். மலையைச் சுற்றிச் சுற்றி ஏறிய அந்த வண்டியில், நேர்கோடு போட்ட என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. நண்பகலில் அக்கா கூப்பிட்டாள்.

"எங்கடா இருக்க?"

"பஸ்லதான்க்கா. நேரா வர ஃப்ளைட்டே கெடையாது. அந்தப் பக்கத்த எழுதினதே நான்தான்."

அக்கா களைத்த குரலில் சொன்னாள்.

"அவரு உள்ள போக மாட்டேன்னுட்டாருடா. பையன் வானத்துல வந்துக்கிட்டிருக்கான்னு ஒரே பிடிவாதம். டாக்டர் திட்டிட்டு அடுத்த ஆளக் கொண்டுபோயிட்டாரு. இனிமே நாளைக்குத்தானாம். அதுவரைக்கும் தாங்கணும்."

அடுத்த பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. உட்கார்ந்தும் உடம்பு ஆறவில்லை. ஐந்தரை மணிக்கு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது கால் இரண்டும் வீங்கியிருந்தன.

அப்பா முந்தின நாளிலிருந்து சரியாகச் சாப்பிடாமல், உதடு வெடித்துப் படுத்திருந்தார். மார்பில் ஒயர்கள். அக்கா நாற்காலியை என் பக்கம் தள்ளினாள், முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டிருக்கிறாள். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நீதான் எழுதினியாமே."

"ஆமாம்ப்பா."

மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

"நம்ம ஊர் பேரப் போடறப்ப எங்க ஞாபகம் வந்துச்சாடா?"

வரவில்லை. மணி ஆறுக்குள் மிச்சப் பக்கங்களை முடிக்கும் அவசரம்தான் இருந்தது.

"வந்துச்சுப்பா" என்றேன்.

அதையும் நம்பினார்.