சாட்சிக்கு ஒரு நாற்காலி

கோர்ட் என்றால் கத்தல்தான் என்று, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் ஒரே டிவியில் நாடகம் பார்த்தே அங்கம்மா முடிவுகட்டியிருந்தாள். ரோட்டில் வேன் கவிழ்ந்ததைப் பார்த்த சாட்சியாக ஹட்டன் கோர்ட்டுக்குக் கூப்பிட்டதும், யாரும் கத்தக் கூடாதென்று சாமிக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டாள்.

சாட்சி சொல்லிவிட்டு வந்தவளை லயமே சூழ்ந்துகொண்டது.

"வக்கீலு கத்துனாராக்கா?" என்றாள் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ஷாமிலா.

"எவனும் கத்தல. எனக்குக் காலு நடுங்குறதப் பாத்துட்டு, நீதவானய்யா நாற்காலி போடச் சொன்னாரு. மவராசன் நல்லாருக்கணும்!"

"உக்காந்தீங்களா?"

"பின்ன? தோட்டத்து ஆபீஸ்ல இன்னிவரைக்கும் ஜன்னலுக்கு வெளிய நின்னுதானடி பேசுறோம். அங்க உக்காந்து பேசுனேன்."

அன்று மாலை நாடகத்தில் சாட்சிக்காரி கூண்டில் நின்று அழுதாள்.

"அவளுக்கும் ஒரு நாற்காலி போடுங்கய்யா!" என்று டிவியை அதட்டினாள் அங்கம்மா.