சுவிட்சை அணைத்த பிறகு

தோட்டத்து நீரூற்று நின்றுவிட்டது. ஆறு மாதம் முன் செய்த அதன் ஒயரிங் என் கைவேலை. மோட்டாரில் இலை அடைத்திருக்கும் என்று மைத்துனன் தொட்டியருகே குனிந்தான்.

"சுவிட்ச் ஆஃப்லதான் இருக்கு. தைரியமா கைய விடு" என்றேன்.

என் மனைவி தடுத்தாள். "இருடா தம்பி. நேத்து ஆஃப் பண்ணிட்டுத்தான் இலை அள்ளினேன். அப்பவும் கை சுர்ருன்னுச்சு. டெஸ்டர் வச்சுப் பாருங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இருபது வருஷ எலக்ட்ரீஷியன் நான். எனக்கே பாடம் எடுக்கிறியா?"

அவள் வாயை அடைக்கவே மோட்டார் ஒயரில் டெஸ்டரை வைத்தேன். அதன் விளக்கு பளிச்சென்று எரிந்தது. மின்சாரம் வரும் ஒயரை விட்டுவிட்டு, திரும்பிப் போகும் ஒயரில் சுவிட்சை மாட்டியிருக்கிறேன்; அணைத்தாலும் மோட்டாரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும்.

"மாமா, விடட்டுமா?" தண்ணீருக்கு ஒரு சாண் மேலே அவன் கை.

நான் டெஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள், ஆறு மாதமாக என் பேச்சை நம்பி அதே தண்ணீரில் கையை விட்டவள்.